ஐடில் டைம், டவுன் டைம்

என் இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. மண்வெட்டிக் காம்பு பட்ட இடம். காம்பைப் பிடித்திருந்தவன் என் கூடப்பிறந்த அண்ணன். யாராவது கேட்டால் வண்டியிலிருந்து விழுந்தேன் என்று பூசி மெழுகுவதில்லை. அண்ணன் அடித்தான் என்றே சொல்வேன். அவனுக்கு மேல்வரிசையில் ஒரு பல் பாதிதான் இருக்கிறது. அது என் கைங்கரியம். அவனும் மறைக்க மாட்டான், சிரிக்கும்போது நன்றாகவே காட்டுவான்.

சண்டைக்குக் காரணம் சொன்னால் பலர் நம்புவதில்லை. நிலத் தகராறு கிடையாது. அப்பா போன பிறகு, சூளகிரிக்கு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் நிலத்தைப் பெரியவர்கள் நின்று அளந்து இரண்டாகப் பிரித்தார்கள், இருவரும் தலையாட்டினோம். குடி கிடையாது. பெண்டாட்டிகள் மூட்டிவிட்டதும் கிடையாது, அந்தப் பழியை அவர்கள் மேல் போட எனக்கு மனம் வராது. கரண்டு இல்லாத நேரம் யாருடைய நேரம் என்பதில் வந்த சண்டை அது.

நிலத்தைப் பிரிக்கலாம், போர்க் கிணற்றைப் பிரிக்க முடியாது. ஒரே போர், ஒரே மோட்டார். த்ரீ ஃபேஸ் கரண்டு வந்தால்தான் ஓடும். அது வருகிற நேரத்தில் முதல் பாதி எனக்கு, மறுபாதி அண்ணனுக்கு என்று முறை வைத்தோம். முறை வைத்த அன்றைக்கு, கரண்டு வந்தால் வந்தபடியே நிற்கும் என்று இருவரும் நினைத்துக்கொண்டோம் போலிருக்கிறது. என் பாதியின் நடுவில் அது போய்விடும். திரும்பி வரும்போது அண்ணனின் பாதி தொடங்கியிருக்கும். போன நேரத்தை எனக்குத் திருப்பிக் கொடு என்று நான் கேட்பேன். உன் முறையில் போனால் உன் தலையெழுத்து என்று அவன் சொல்வான். அவன் முறையில் போகும்போது அதே வாக்கியத்தை நான் அவனுக்குத் திருப்பிச் சொல்வேன். இருவருக்கும் அதில் ஒரு ருசி வந்துவிட்டது.

தக்காளி பூ விட்டிருந்த சமயம் அது. என் முறையில் தொடர்ந்து கரண்டு போனது. அண்ணனின் கோஸ் மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு காலையில் பொறுக்கமாட்டாமல் அவன் முறை தொடங்கிய பிறகும் வால்வை என் பக்கமே திறந்து வைத்திருந்தேன். அவன் வந்தான், மண்வெட்டிக் காம்பை ஓங்கினான். கண்ணுக்குள் ரத்தம் வழிந்து ஒன்றும் தெரியாத நிலையில், கையில் கிடைத்த பி.வி.சி. பைப் துண்டால் குத்துமதிப்பாக வீசினேன். அது அவன் வாயில் விழுந்தது. சேற்றில் புரண்டு ஒருவன் கழுத்தை ஒருவன் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, அம்மா விளக்குமாற்றோடு ஓடிவந்து யார் எவர் என்று பார்க்காமல் விளாசினாள். அவள் கை ஓயும்வரை நாங்கள் பிடியை விடவில்லை.

"அடி ஒதவற மாதிரி அண்ணந்தம்பி ஒதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் மூச்சிரைக்க. "அடிச்சிக்கினு சாவுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே குழியா வெட்டிடறன், வேலை மிச்சம்."

அதன்பின் நானும் அண்ணனும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஆனால் வேலை ஒரே கம்பெனியில். ஒரே கம்பெனி பஸ், ஒரே நிறுத்தம். அவன் முன்சீட்டில் உட்காருவான், நான் கடைசி சீட்டில். புருவத்தில் தையலோடு நானும் வீங்கிய வாயோடு அவனும் ஏறிய அன்று டிரைவர் கண்ணாடியில் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊர் முழுக்கத் தெரிந்த கதை, கேட்பதற்கு ஒன்றுமில்லை.

கம்பெனி கேட்டைத் தாண்டினால் அங்கேயும் அதே வழக்குதான் நடந்துகொண்டிருந்தது. என்ன, அங்கே இங்கிலீஷில் நடந்தது.

எங்களுடையது பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டை அச்சுக்குள் வைத்தால், மேலிருந்து யானைக்கால் எடையில் ஒரு இரும்பு இறங்கி ஒரே அடியில் வண்டிப் பாகமாக ஆக்கிவிடும். இறங்குகிற அந்த இரும்பை ரேம் என்போம். அது அடிக்கும்போது தரை அதிரும், பல் அதிரும், புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் வீட்டுக்குப் போன பிறகும் தூக்கத்தில் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்பார்கள். நான் அங்கே லைன் லீடர். அண்ணன் மெயின்டனன்ஸில் பிட்டர். மிஷினை ஓட்டுவது என் ஆட்கள், கெட்டால் சரிசெய்வது அவன் ஆட்கள்.

லைனின் முனையில் ஒரு வெள்ளை போர்டு. மிஷின் நின்றால், நின்ற நேரத்துக்கு ஒரு பெயரை அந்த போர்டில் நான் எழுத வேண்டும். அங்கேதான் வினை. டீ, சாப்பாடு என்றால் பிரேக். அச்சு மாற்றினால் செட்டப். தகடு வந்து சேரவில்லை என்றால் வெயிட்டிங். மிஷின் நன்றாக இருந்தும் ஓட்டவில்லை என்றால் ஐடில் டைம். மிஷினே கெட்டு நின்றால் டவுன் டைம். நம் தமிழில் இதெல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், ஓடவில்லை. அம்மாவைக் கேட்டால் சும்மா கிடக்கிறது என்பாள். ஆனால் சும்மா கிடக்கிற நேரத்துக்கும் ஒரு சொந்தக்காரன் வேண்டும், அவன் தலையில் குட்ட வேண்டும் என்பது கம்பெனியின் ஏற்பாடு. ஐடில் என்றால் குட்டு எனக்கு. டவுன் என்றால் குட்டு மெயின்டனன்ஸுக்கு, அதாவது அண்ணனுக்கு.

போர்வெல்லில் அடித்துக்கொண்டவர்களின் கையில் கொடுத்துவைத்த மாதிரி ஒரு மார்க்கர் பேனா. நான் பொய் எழுதியதில்லை. கெட்டு நின்றதைத்தான் டவுன் என்று எழுதினேன். ஆனால் சந்தோஷமாக எழுதினேன், பெரிய எழுத்தில் எழுதினேன், எழுதிவிட்டு அண்ணன் நிற்கும் பக்கம் பார்த்தேன். அவன் ஸ்பேனரைத் தரையில் அறைவான். ஒருமுறை அது எகிறி என் கணுக்காலைக் கிழித்தது. தெரியாமல் விழுந்தது என்று சொல்லிவிட்டான்.

மீட்டிங்கில் வாங்கும் குட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த இரண்டு சொல்லுக்கும் உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. டவுன் என்று எழுதிவிட்டால் சில காரியங்களைச் செய்தே ஆக வேண்டும். மோட்டாரை அணைக்க வேண்டும். பக்கவாட்டில் சுற்றும் பெரிய சக்கரம் சுற்றி ஓய்ந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ரேம் இறங்கிவிடாமல் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். மெயினைப் பூட்டி, சிவப்பு அட்டை தொங்கவிட்டு, சாவியைப் பிட்டர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் உள்ளே கை. ஐடில் என்றால் இதெல்லாம் எதுவும் வேண்டாம். மோட்டார் பாட்டுக்கு ஓடும், சக்கரம் பாட்டுக்குச் சுற்றும், ரேம் மேலே தொங்கும், கீழே மனுஷன் கையை விட்டுக்கொண்டிருப்பான்.

எனக்கு முன் லைன் லீடராக இருந்தவர் காலத்தில், தர்மபுரிப் பக்கத்து ஆள் ஒருவர் அப்படித்தான் சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டார். பின்பக்கம் யாரோ விசையைச் சோதித்தார்கள். நான்கு விரல். நான் அப்போது பக்கத்து லைனில் ஆபரேட்டர். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கையுறையைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்பது போல நின்றார். அவரை வண்டியில் ஏற்றிவிட்டு அச்சைத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். கழுவிய நேரமும் போர்டில் ஐடில் என்றே இருந்தது.

எங்கள் செக்ஷன் இன்சார்ஜ் அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர். கர்நாடக எல்லையின் அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் வேலை. அவர் கன்னடத்தில் பேசுவார், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம், இருவருக்கும் புரியும். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் வருவார். ஆனால் டவுன் என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. மேலிடத்தில் அவரைக் கேள்வி கேட்பார்கள். போர்டுக்குப் பின்னால் வந்து நின்று, மெதுவாக, "ஐடில் ஹாக்கப்பா," என்பார். ஐடில் போடு. அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவைத்திருந்தார்: இந்த மாதம் இன்னொரு டவுன் விழுந்தால் உன்னை வேறு பிளான்ட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று. இது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன்.

அன்றைக்கு விடியலிலேயே நாள் கெட்டுவிட்டது. என் முறையில் கரண்டு போனது, வந்தது அவன் முறையில். நான் அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் காதில் விழும்படி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் என் வால்வை உதைத்தான், அதன் பிடி வளைந்தது. அம்மா விளக்குமாற்றைத் தேடப் போனதும் இருவரும் பஸ்ஸுக்கு ஓடினோம்.  பஸ்ஸில் யாராவது காலை மிதித்திருந்தால்கூட அடித்திருப்பேன்.

டீ முடிந்து லைன் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கடைசி பிரஸ்ஸில் ஒடிசாக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் விசையை ஒருமுறை அமுக்கினார். ரேம் இறங்கியது, ஏறியது, அமுக்காமலே மறுபடி இறங்கியது. நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் பின்னால் துள்ளி, தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. அச்சுக்குள் ஒரு தகடு இரண்டாக மடிந்து சிக்கிக்கொண்டிருந்தது.

பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பயமான ஒன்று கிடையாது. கேட்காமல் அடிக்கிற மிஷின் மறுபடி எப்போது அடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. சிவப்பு எமர்ஜென்சி பட்டனை ஓங்கிக் குத்தினேன். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. மெயின்டனன்ஸைக் கூப்பிட்டேன். வந்தது அண்ணன்.

மாதக்கணக்கில் பேசாதவர்கள் பேச வேண்டி வந்தது. ரேம் இரண்டு முறை வந்தது, மெயினைப் பூட்டி முட்டுக்கட்டை வை என்று சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், ஆயில் ஒட்டியிருக்கும், ஒரு தடவை அப்படி இறங்கினால் மிஷின் கெட்டது ஆகிவிடாது என்றான். சொல்லிக்கொண்டே எமர்ஜென்சியைத் திருகி விடுவித்து, மோட்டாரையும் ஓட்டிவிட்டான். சக்கரம் சுற்றத் தொடங்கியது. சிவப்பு விளக்கு எரிகிற ஒவ்வொரு நிமிஷமும் அவன் மேல் விழுகிற டவுன், அதை அணைப்பதுதான் அவனுக்கு அவசரம்.

நான் போர்டுக்குப் போய் டவுன் என்று எழுதினேன். அவன் பின்னாலேயே வந்து சட்டைக்கையால் அழித்தான். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தான், அழிக்கும்போது என் விரலையும் சேர்த்து போர்டில் வைத்து நசுக்கினான்.

"ஐடில் போடுறா," என்றான். "உம் புத்தி எனக்குத் தெரியாதா? வயல்ல வாங்குன அடிய இங்க எழுதித் தீத்துக்கற. சிக்கின தகட்ட எடுக்க ஒரு கை போதும். நீ போயி ஓரமா நில்லு."

அவன் சொன்னதில் பாதி நிஜம். அவன் போய்ப் பிரஸ்ஸின் முன்னால் குனிந்தான். ஒரு நெம்புகோலை உள்ளே விட்டுத் தகட்டை அசைத்தான். அது அசையவில்லை. கோலை அப்படியே உள்ளே சாத்திவிட்டு, சட்டைக்கையை மேலே சுருட்டினான். இரண்டு கையையும் விடப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. கையுறையைப் பார்த்தபடி நின்ற அந்தத் தர்மபுரிக்காரர் என் நினைவில் வந்து நின்றார்.

எட்டி அண்ணனின் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பாசத்தில் இழுத்தேன் என்று இப்போது சொன்னால் நன்றாக இருக்கும். அப்போது எனக்கு வந்தது வெறும் கோபம்தான். என் பேச்சைக் கேட்காமல் என் கண் முன்னால் ஊனமாகப் போகிறானே என்ற கோபம். சட்டை கிழிந்தது, அவன் மல்லாந்து விழுந்தான். எழுந்ததும் என் வாயில் ஒரு குத்து விட்டான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்து உப்புக் கரித்தது. நான் அவன் நெஞ்சில் முட்டினேன். இருவரும் தகட்டுக் குப்பைத் தொட்டியில் போய் மோதினோம், அது சரிந்து கூர்கூரான துண்டுகள் எங்கள் மேலேயே கொட்டின. அவன் என் கழுத்தைப் பிடித்தான். நான் அவன் காதைக் கடித்தேன். முழங்கை, முட்டி, எது கிடைத்ததோ அதால் அடித்துக்கொண்டோம். நீர்முறை, கோஸ், தக்காளி, போர்டு எல்லாம் அந்த அடியில் இருந்தது. ஒடிசாக்காரர் நடுவில் வந்தார், யாருடைய உதையோ பட்டுத் திரும்பப் போய்விட்டார்.

அப்போதுதான் அது அடித்தது.

விசையருகில் ஒருவரும் இல்லை. ரேம் தானாக இறங்கியது. உள்ளே சாத்தியிருந்த நெம்புகோல் தெறித்து எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து தூணில் மோதியது. தூணிலிருந்து சிமென்ட் பெயர்ந்து விழுந்தது. ரேம் மேலே ஏறி, ஒரு நொடி யோசிப்பது போல நின்று, இன்னொரு முறை அடித்தது. ஒடிசாக்காரர் பாய்ந்து எமர்ஜென்சியை அமுக்கினார்.

அண்ணனின் கை என் கழுத்தில் அப்படியே இருந்தது, இறுக்கம் மட்டும் போய்விட்டது. பிறகு அதையும் எடுத்தான். தரையில் உட்கார்ந்தபடி தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நெம்புகோல் எங்கள் காலருகில் உருண்டு வந்து கிடந்தது. நுனி தட்டையாகி, நடுவில் வளைந்திருந்தது. அவன் அதைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான்.  

இன்சார்ஜ் ஓடிவந்தார். கொட்டிக் கிடந்த குப்பை, எங்கள் ரத்தம், கோலின் நிலை, அழித்து அழித்து நீலமாகிப் போன போர்டு, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கூடிய ஆட்களை விரட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கன்னடமும் தமிழுமாகப் பேசினார். டவுன் என்று எழுதினால் மிஷினைப் பிரிக்க வேண்டும், மேலிடம் வரும், விசாரணை வரும், அப்போது இந்தச் சண்டையும் வெளியே வரும், இருவர் வேலையும் போகும். ஐடில் என்று எழுதிவிட்டால் அவர் சண்டையைப் பார்க்கவில்லை. மாலை லாரி காத்திருக்கிறது, மிஷின் ஓட வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்றார்.

நான் மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூட வேனில் போகிறவர்கள். இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் அடுப்பு அணைந்தால் அம்மா எங்கே போய்ச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். அந்த ஒடிசாக்காரர் மறுபடியும் அந்த மிஷினுக்கு முன்னால் நிற்கப் போகிறார் என்பதும் தெரிந்தது. என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. எழுத அண்ணன் எனக்கு அவகாசம் கொடுக்கவில்லை.

அவன் எழுந்தான். மரியாதையாகக் கும்பிடுகிற மாதிரி இன்சார்ஜின் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்த பிடியில் அவரைப் பிரஸ்ஸை நோக்கி இழுத்தான். அவர் ஷூ ஆயிலில் வழுக்கிக்கொண்டே போனது. மோட்டார் அணைந்திருந்தாலும் சக்கரம் ஓய்ந்திருக்கவில்லை, அதன் இரைச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"வையிங்க சார் கைய," என்றான் அண்ணன். கத்தவில்லை, பந்தியில் இலை போட்டு உட்காரச் சொல்கிறவன் குரல் அது. "ஐடில் தான இது? ஒண்ணும் ஆவாது. வையிங்க."

விடு விடு என்று இன்சார்ஜ் கன்னடத்தில் அலறினார். அவர் கை அச்சின் விளிம்புவரை போனது. அண்ணனின் புஜம் இறுகுவதைப் பார்த்தேன், ஐயோ வைத்துவிடுவான் என்றே நினைத்தேன். விளிம்பில் அவன் நிறுத்தினான். குப்பையைப் போடுவது போல அந்தக் கையை விட்டான். அவர் பின்னால் போய் விழுந்தார்.

அண்ணன் என்னிடம் வந்து மார்க்கரைப் பிடுங்கினான். போர்டில் அன்றைய நாளின் கட்டங்கள் அத்தனையையும் அடைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை டவுன் என்று எழுதினான். பிறகு சக்கரம் ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். காதிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. சக்கரம் நின்றதும் முட்டுக்கட்டையை வைத்தான், மெயினைப் பூட்டினான், சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டான், சாவியைக் கிழிந்த சட்டையின் பையில் போட்டுக்கொண்டான். எல்லாவற்றையும் வரிசை தவறாமல் செய்தான். செக்யூரிட்டிகள் வந்து பிடித்தபோது சாவியை மட்டும் கொடுக்க மறுத்தான். அதற்காகவும் இரண்டு அடி வாங்கினான்.

இருவரையும் சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை முடிந்து என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இன்சார்ஜின் கையைப் பிடித்ததற்காக அண்ணனை எடுத்தேவிட்டார்கள். பூட்டை அறுத்து மிஷினைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே பிரேக் லைனிங் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்ததாம். தக்க சமயத்தில் நாங்களே கண்டுபிடித்தோம் என்று மீட்டிங்கில் சொன்னார்கள். இன்சார்ஜ் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அண்ணன் இப்போது ஜூஜுவாடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குப் போகிறான், சம்பளம் மட்டு. இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சொல்ல வேண்டிய காலை ஒன்று பாக்கி. சஸ்பெண்ட் ஆகி இருவரும் வீட்டில் கிடந்த நாட்களில் வந்தது அது. கம்பெனியில் நடந்ததற்குப் பிறகு அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நன்றி என்றெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிடுவார்கள். நான் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். என் முறையின் நடுவில் கரண்டு போனது. வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தேன், என் நேரம் தீர்ந்ததும் வால்வை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தேன். பாத்தி பாதி நனைந்து பாதி வெடித்துக் கிடந்தது. கரண்டு வந்து மோட்டார் உறுமியபோது, அண்ணனின் முறை தொடங்கியிருந்தது. அவன் வரப்பில் வேகமாக வருவது தெரிந்தது.

நான் எழுந்தேன். பழக்கதோஷம், கை தானாக மண்வெட்டியை எடுத்து, காம்பை இறுக்கிக்கொண்டது. உதட்டில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. அடித்தால் திருப்பி அடிப்பது என்றுதான் நின்றேன்.

அவன் கிட்டே வந்து, மண்வெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பக்கத்தில் காறித் துப்பினான்.

"அதக் கீழ போடுறா மொதல்ல," என்றான். "உம் மொறை இன்னும் முடியல. கரண்டு போன நேரம் டவுன். எங்கணக்குல எழுதிக்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் குனிந்துவிட்டான். தான் உதைத்து வளைத்த அதே வால்வின் பிடியை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கமாகத் திருகினான். துரு உதிர்ந்தது. தண்ணீர் என் பாத்திக்குள் இறங்கியது. நான் பாத்தியைப் பார்க்கவில்லை. அந்தப் பிடியைச் சுற்றியிருந்த அவன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், பத்தும் இருந்தன.